நெல்லறைச் சாவி

இரும்பைக் கண்டால் வலிப்பு ஓடிவிடும் என்று ஏழு வயதில் நானும் நம்பினேன், பிள்ளைகளே. கண்ணால் பார்த்தவன் நம்பாமல் என்ன செய்வான்?

அன்று காலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் தங்கையான என் அத்தை, அவித்த நெல்லை ஓலைப்பெட்டியில் அள்ளிப் பாயில் கொட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் கை நின்றது. கூப்பிட்டேன். என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள். அடுத்த நொடி அடுப்புப் பக்கமாகவே விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. அம்மா பாய்ந்து வந்து அவளை நெருப்பைவிட்டு இழுத்துப் போட்டாள். அப்பா தம் மடியிலிருந்த நெல்லறைச் சாவியை, சாண் நீள இரும்பை, அத்தையின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. கண்ணை மூடிக் குறட்டை விட்டாள்.

“இரும்புக்குக் கட்டுப்பட்டுட்டு, பாத்தீரா?” என்றார் சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி. “ஆனா இது திரும்ப வரும் வே. பின்னங்கழுத்துல ஒரு சூடு இழுத்துட்டா அப்புறம் தலைகாட்டாது. கொண்டை மறைச்சிரும். ஒருத்தனுக்கும் தெரியாது.”

அந்தக் கடைசிப் பேச்சுதான் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை அத்தைக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் வர இருந்தார்கள்.

“பாளையங்கோட்டையில டாக்டரம்மா இருக்காங்க. வண்டியப் பூட்டுங்க” என்றாள் அம்மா.

“வண்டி போனா ஊரே எதுக்குன்னு கேக்கும். வலிப்புக்காரின்னு பேரு விழுந்தா எவன் கட்டுவான்?”

அப்பா சாவியை அடுப்புக் கங்கில் செருகினார். “ஏலே, வாசக்கதவச் சாத்து” என்றார் என்னிடம். சாத்திவிட்டு வந்தபோது சாவியின் நுனி சிவந்திருந்தது. அப்பா ஈரத்துணி சுற்றி அதை எடுத்தார். மறுகையால் அத்தையின் தலைமுடியைப் பைய ஒதுக்கினார். அம்மா முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போது அத்தை கண் விழித்தாள். நடந்தது ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. சாத்திய கதவைப் பார்த்தாள். அண்ணன் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள். கடிபட்ட நாக்கு குழற, “அண்ணே, பிள்ளைக்கா சூடு? வேண்டாம்ணே, அவன் தாங்க மாட்டான்” என்று என் காலை எட்டிப் பிடித்தாள்.

அப்பாவின் கை தாழ்ந்தது. சாவி தண்ணீர்ப் பானைக்குள் ‘சுர்’ரென்று விழுந்தது. அவரே போய்க் கதவைத் திறந்து வண்டியைப் பூட்டினார்.

போகும் வழியில் ஆற்றுப் படித்துறையில் பாதி ஊர் குளித்துக்கொண்டிருந்தது. “எங்க, குடும்பத்தோட?” என்று யாரோ கேட்டார்கள். அப்பா வண்டியை நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி, “தங்கச்சிக்கு வலிப்பு வந்துட்டு. டாக்டர்கிட்ட போறோம்” என்றார்.

முதலில் என்ன நடந்தது என்று டாக்டரம்மா கேட்டபோது, முழுதும் பார்த்தவன் நான் ஒருவன்தான். சொன்னேன். சாவிதான் நிறுத்தியது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். “தானா வந்தது, தானாத்தான் நின்னுது” என்றார் அவர். இன்னொருமுறை வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தெளியும்வரை பக்கத்தில் இருக்கச் சொன்னார். மருந்தும் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை.

அதன்பின் அப்பா நெல்லறைச் சாவியைத் தொடவே இல்லை. நெல் எடுக்க அம்மாதான் திறப்பாள். அது இன்னும் சுடுகிறதோ என்று ஒருநாள் யாருக்கும் தெரியாமல் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் கிடந்தது.