ஏரியில் இறங்கிய பட்டாளம்

அந்த வருஷம் சித்திரை வெயிலில் எங்கள் ஏரி வற்றி, நடுவில் மட்டும் ஒரு தகடு போலத் தண்ணீர் மிஞ்சியிருந்தது. ஒலக்கூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. விசாகப்பட்டினத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான், அடுத்தது சென்னைதான் என்ற பேச்சில், அங்கிருந்து வந்த ரயில்களில் எல்லாம் ஜனங்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். அப்படி வந்தவர்களில் என் மகளும் ஒருத்தி. தலைப்பிரசவம், நிறைமாதம்.

ரயில் நெரிசலில் இடிபட்டு அவளுக்கு உதிரம் கண்டிருந்தது. மிஷன் காரில் வந்து பார்த்த டாக்டரம்மா, பிரசவம் ஆகும்வரை கட்டிலை விட்டு எழக் கூடாது, வண்டியில் ஏற்றினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் வேலை. யுத்தகாலத்தில் அவருக்கு லீவு கிடையாது. நான் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். வீட்டில் நானும் அவளும்தான்.

ஒருநாள் காலையில் ஏரி மடையைப் பார்த்துக்கொள்பவர் தெருவில் ஓடி வந்தார்.

"ஏரியில பட்டாளம் எறங்கிக்கினு நிக்குது. நூறு பேரு இருப்பானுங்க. ஒருத்தன் திரும்புனா எல்லாரும் திரும்புறானுங்க. தோள்ல செவப்பா பட்டை போட்டுக்கினு இருக்கானுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கரைக்கு ஓடிப்போய்ப் பார்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். தண்ணீருக்குள் இறங்கி நிற்கிறார்கள், வரிசை வரிசையாக நடக்கிறார்கள், அங்கிருந்து முணுமுணுவென்று பேச்சு கேட்கிறது. சற்று நேரத்துக்குள் மணியக்காரர் உத்தரவு போட்டுவிட்டார். எல்லாரும் செஞ்சி மலைப் பக்கம் போய்விட வேண்டும். கேப்பை மூட்டையும் கோழிக்கூடையும் வண்டிகளில் ஏறின. செஞ்சிக்குப் போகும் வழியே ஏரிக்கரை மேல்தான். ஆகவே வண்டிகள் எல்லாம் கரையின் இந்த முனையில் வந்து நின்றுகொண்டு, யார் முதலில் போவது என்று தயங்கின.

எங்கள் வாசலிலும் ஒரு வண்டி வந்து நின்றது. வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்திருந்தார்கள்.

"புள்ளைய தூக்கி வையுங்க டீச்சரம்மா. ஜல்தி," என்றார் வண்டிக்காரர்.

பிரசவம் பார்க்க வந்திருந்த மருத்துவச்சி வாசல் நிலையை மறித்து நின்றாள்.

"கல்லு ரோட்டுல அவளை உருட்டிக்கினு போறியா? அதுக்கு ஜப்பான்காரனே தேவலாம்."

"நீ பேசுவக்கா. அவன் வந்தா உன்னைத்தான் மொதல்ல புடிச்சிக்கினு போவான். அவனுக்கும் மருத்துவச்சி வேணுமில்ல."

"வரட்டும். அவன் பொண்டாட்டிக்கும் நானே பாக்குறேன்."

உள்ளே மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "என்னாம்மா பண்ணப் போறே?" என்று கேட்டாள். நான் அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தேன். வண்டியில் ஏற்றினால் வழியிலேயே போய்விடுவாள். ஏற்றாவிட்டால், அந்த ஏரியில் நிற்பவர்கள் யார்? அதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தீர்மானிக்க முடியாது என்று தோன்றியது. மருத்துவச்சியிடம் அவளை விட்டுவிட்டு, வெயிலுக்காகத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கரைமேல் நின்றவர்கள் தடுத்தார்கள். நான் ஏரிக்குள் இறங்கிவிட்டேன். வெடித்த களிமண்ணில் கால் மாட்டியது. கருவேல முள் சேலையைக் கிழித்தது. கானல் அலையில் தூரத்து உருவங்கள் ஆள் உயரத்துக்கு மேலும் நீண்டு நெளிந்தன. உண்மையாகவே எல்லாம் ஒரே நேரத்தில் வலப்பக்கம் திரும்பி நடந்தன, மறுபடி இடப்பக்கம் திரும்பின. பாதி வழியில் மடித்த குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தெரிந்த ஜெபத்தை முதலிலிருந்து சொன்னேன். நடுவில் மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

கருவேல மரங்களைத் தாண்டியதும் கானல் விலகியது. ஒன்று தன் தலையைத் தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்தது.

எந்தச் சிப்பாயும் அப்படிச் செய்யமாட்டான்.

குச்சி போல ரோஸ் நிறக் கால்கள், பாம்பாக வளையும் கழுத்து, நடுவில் ஒடிந்தது போல வளைந்த மூக்கு. எங்கள் ஏரியில் நாரையும் கொக்கும் தாராவும் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றை ஊரில் யாரும் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் வெள்ளை, இறக்கை ஓரத்தில் மட்டும் அந்தச் சிவப்புப் பட்டை. நான் அங்கேயே நின்று அழுதேன். அப்புறம் திரும்பிப் பார்த்தேன். கரைமேல் வண்டிகளும் ஜனங்களும் சிறிதாகத் தெரிந்தார்கள். வெறுமனே போய்ப் பறவை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இன்னும் கொஞ்சம் கிட்டே போய், குடையை அவற்றுக்கு நேராக நீட்டிப் படாரென்று விரித்தேன்.

தண்ணீரில் ஓடி ஓடி எழும்பின. மடித்திருந்த இறக்கைகள் விரிந்ததும் உள்ளே இருந்த சிவப்பு முழுவதும் வெளியே வந்தது, ஓரத்தில் கருப்பு. ஏரிக்கு மேலே ஒரு பெரிய சேலையை இரண்டு பேர் பிடித்து உதறியது போல இருந்தது. வாத்துக் குரலில் கத்திக்கொண்டு கரைக்கு மேலாக, வண்டிகளுக்கு மேலாக, எல்லாரும் அண்ணாந்து பார்க்கத் தாழப் பறந்து கிழக்கே போயின.

நான் கரை ஏறும்போது வண்டி மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மணியக்காரர் தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"பட்டாளத்தையே தொரத்திட்டீங்களே டீச்சரம்மா. கொடைக்குத் துப்பாக்கி லைசென்சு வாங்கிக்கினீங்களா?"

சிரிப்பு கரையின் அந்த முனைவரை போனது. மடை பார்ப்பவர் மட்டும், "தோள்ல செவப்பு இருந்துச்சா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க," என்று எல்லாரிடமும் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். மகள் அதே கட்டிலில், அதே சுவரோரம் படுத்திருந்தாள். வாசலில் நின்ற வண்டியை மருத்துவச்சி எப்போதோ துரத்திவிட்டிருந்தாள். அடுத்த வாரம், ஒரு குலுக்கலும் இல்லாமல், அந்தக் கட்டிலிலேயே பேத்தி பிறந்தாள். அவள் அழுத சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

கோட்டக்குப்பத்திலிருந்து கருவாடு கொண்டுவரும் பாய் பிறகு ஒருநாள் சொன்னார், அது பூநாரை, கடலோரத்துக் கழுவேலிச் சதுப்புப் பக்கம் சில வருஷம் கூட்டமாக வரும், வடக்கே எங்கிருந்தோ வருகிறது என்று. எங்கள் ஏரிக்கு அது மறுபடி வரவில்லை. ஆனால் ஒவ்வொரு சித்திரையிலும் நான் கரைக்குப் போய்ப் பார்க்கிறேன். கானலில் எது அசைந்தாலும் இன்றும் அந்த ஜெபம் வாயில் வந்துவிடுகிறது. பேத்தி என் கையை உதறிவிட்டு ஏரிக்குள் இறங்கி ஓடுகிறாள். குடை அவள் கையில் இருக்கிறது.