சூசையண்ணை பழக்கிய பங்கு

சூசையண்ணையை அடக்கம் செய்த அன்று சேமக்காலையில் அவருடைய குழியருகே நின்று நான் விம்மி அழுதேன். எல்லாம் பொறாமை. அவருக்கு மரியாதையாக அன்று ஊர்காவற்றுறைக் கரையில் ஒரு வள்ளமும் கடலுக்கு இறங்கவில்லை. நான் செத்தால் எவன் தொழிலுக்குப் போகாமல் நிற்பான்?

அடுத்த கிழமை எனக்கு மூக்கொழுகும் தடிமன் காய்ச்சல். சாகப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லவைத்து, சாகிறவனுக்குரிய எண்ணெய்ப் பூசுதல் தர வரும்படி சுவாமியாருக்கும் ஆள் அனுப்பிவிட்டு, யன்னலால் எட்டிப் பார்த்தேன். எல்லா வள்ளங்களும் பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தன! பயத்தில் வியர்த்த வியர்வையில் காய்ச்சலே விட்டுவிட்டது.

பின்னேரம் சூசையண்ணையின் மனைவி பிலோமினா அக்கா ஒரு கடகம் மீனோடு வந்தார்.

"என்ன தம்பி, இன்னும் சாகேல்லையோ?"

"எனக்காக ஒருத்தனும் நிக்கேல்லை, அக்கா."

"நிண்டால் உமக்கு ஆர் மீன் தாறது? படுக்கையிலை கிடக்கிறவைக்கு வள்ளத்துக்கு ஒரு மீன் எண்டு அவர் பழக்கினதை மறந்துபோனீரோ?"

மறக்கவில்லை. "இண்டைக்கு ஒண்டும் பிடிபடேல்லை" என்று புளுகி, என் வள்ளத்தின் பங்கை ஒருநாளும் கொடுக்காதவன் நான். அதையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும். குடுக்காதவனுக்கு முதல் குடுங்கோ, ஆண்டவர் எங்களுக்கு அப்பிடித்தானே தந்தவர் எண்டுதான் அவர் சொல்லுறவர்."

செத்தும் அந்த மனிதர் எனக்குச் சோறு போட்டார். வெட்கத்தோடு தின்றேன்.

பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை. நோயாளி வீட்டுக்கு மீன் எடுக்கும்போதெல்லாம், சூசையண்ணை கொடுத்திருக்கக்கூடியதைவிட ஒரு விரற்கடை பெரிதாகத்தான் தேடுகிறேன்.