இரண்டு கிலோ எங்கே போனது

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. ஒரு பிள்ளைக்குக் கணக்கு விளங்கவில்லையென்றால் அதையே இன்னும் சத்தமாகச் சொல்வதுதான் என் கற்பித்தல் முறை. பண்டாரவளையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தேயிலைத் தோட்டப் பாடசாலை அது. ஐந்தாம் தரத்துக்கு நான்தான் ஆசிரியை.

அன்று புலமைப்பரிசில் விசேட வகுப்புக்கான பெயர்களை அதிபரிடம் கொடுக்க வேண்டும். மூன்றாம் வரிசையில் ஒருத்தி. தமிழில் புலி. கணக்கில் மட்டும் எப்போதும் பிழை. அவள் பெயரை வெட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு கணக்குக் கொடுத்தேன். வெலிமடை லொறியில் அறுபது கிலோ உருளைக்கிழங்கு, இருபத்தைந்து கிலோ கரட். மொத்தம் எவ்வளவு?

எண்பத்தொன்று என்று எழுதினாள்.

எனக்கு ஏறிவிட்டது. "எப்படி வந்துச்சுன்னு வாயால சொல்லு" என்றேன். அதுவரை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

"அறுபதுல ரெண்டு போனா அம்பத்தெட்டு. இருபத்தஞ்சுல ரெண்டு போனா இருபத்திமூணு. எம்பத்தொண்ணு டீச்சர்."

"அந்த ரெண்டு எங்க போகுது?"

"படங்குச் சாக்குக்கும் எலையில நிக்கிற தண்ணிக்கும் டீச்சர். அம்மாவோட கொழுந்த நிறுக்கையில கணக்கப்பிள்ளை கழிப்பாங்கல்ல."

பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி, "மழைன்னா மூணு டீச்சர்" என்றாள்.

சிரிப்பு வந்தது பாருங்கள், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வகுப்பே சேர்ந்து சிரித்தது. அவளுடைய பழைய கொப்பியைப் புரட்டினேன். மைல், மாங்காய், பிள்ளைகள், எல்லாம் சரி. கிலோ வந்த இடத்தில் மட்டும் நான் போட்ட சிவப்புப் பிழை, பக்கம் பக்கமாக. ஆறு மாதம் தொண்டை கிழியக் கத்திய மடச்சி நான்தான்.

கொப்பியோடு அவளையும் இழுத்துக்கொண்டு அதிபர் அறைக்கு ஓடினேன். அவர் சிரிக்கவேயில்லை. "கெழங்குக்கு எதுக்கும்மா தண்ணி கழிச்ச?" என்று மட்டும் கேட்டார். பிறகு கிலோவிலேயே ஐந்து கணக்குக் கொடுத்தார். கழிக்கச் சொன்னால்தான் கழிக்க வேண்டும் என்று வரும் வழியிலேயே நான் சொல்லிவைத்திருந்தேன். ஐந்தும் சரி. பட்டியலில் அவள் பெயரை அவரே எழுதினார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "டீச்சர், வெயில் நாள்லயும் அம்மாவுக்குத் தண்ணி கழிக்கிறாங்களே. அது தப்புக் கணக்குத்தானே?"

வானத்தைப் பார்த்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு வெயில்.

"தப்புத்தான்" என்றேன்.

பகல் கொழுந்து நிறுக்கும் நேரம். அவள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு தராசு இருக்கும் மடுவத்தைப் பார்த்து ஓடினாள். கணக்கப்பிள்ளை முன்னால் அந்தப் பிள்ளை தனியாக நிற்கக் கூடாது என்று, நானும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.