எலிக்குப் போட்ட தங்கச் சங்கிலி

புவனகிரி அங்கன்வாடிச் சுவத்துல கார்ட்டூன் எலி வரைஞ்சு, கடைசியா கருவிழி வச்சு கண்ணையும் தொறந்துட்டேன். சிதம்பரத்துல சாமி வாகனத்துக்கு அடிச்ச தங்க பெயிண்ட் மிச்சம் இருந்துச்சு. எலிக்குச் சங்கிலி, கிரீடம்னு போட்டுவிட்டேன்.

கூட வேலை செய்யுற என் மச்சான் பதறிட்டான். "நகையெல்லாம் போட்டுட்டுத்தான கண்ணைத் தொறக்கணும், மாமா!"

"இது என்ன சாமியா? எலிடா!"ன்னு சிரிச்சேன்.

மழை விட்டதும் டீச்சர் கூப்பிட்டாங்க. "புள்ளைங்க அந்தச் சுவத்துப் பக்கம் உக்காரவே மாட்டேங்குதுங்க."

போய்ப் பாத்தேன். தங்கம் மட்டும் கரைஞ்சு போயிருந்துச்சு. எலி காயுறதுக்குள்ள அது மேலயே தங்கத்தை அடிச்சது என் தப்புதான். ஆனா, நேரா பாக்குற மாதிரி நான் வரைஞ்ச கண்ணு ரெண்டும் வெறுங்கழுத்தைக் குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்துச்சு.

இப்பல்லாம் கண்ணைத் தொறந்துட்டா, பொம்மைக்குக்கூட நான் எதையும் குடுக்குறதில்ல.