கோபாலபுரத்துப் பச்சை கார்

பழைய கார் தரகனுக்கு மூன்று காது வேண்டும்: ஒன்று எஞ்சினுக்கு, ஒன்று விற்பவருக்கு, ஒன்று வாங்குபவருக்கு. எனக்கு இருப்பது இரண்டுதான் என்பதால் எப்போதும் ஏதாவது ஒன்றைக் கோட்டை விட்டுக்கொண்டே இருப்பேன். பழைய கார் வாங்கி, பாதி வழியில் இறங்கித் தள்ளி, சட்டையெல்லாம் கிரீஸோடு வீடு திரும்பிய வாசகர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் அந்தப் பாக்கியம் கிட்டும்வரை பொறுத்திருக்கலாம்.

எழுபதுகளின் நடுவில், தி. நகர் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடி அறைதான் என் ஆபீஸ். பெட்ரோல் விலை திடீரென்று ஏறியிருந்த நேரம். பெரிய எஞ்சின் வைத்த வெளிநாட்டுக் கார்களை ஆளாளுக்குக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். நான் விற்றதெல்லாம் அம்பாசடர்தான். அம்பாசடர் விற்பது அரிசி விற்பது மாதிரி, யாருக்கும் நெஞ்சு படபடக்காது. என் நெஞ்சு படபடத்த ஒரே ஒரு காரைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கதவு சாத்தும் பரீட்சை

கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களா. டோரதி மேடம் என்று ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி தனியாக இருந்தார். கணவர் இறந்து ஒரு வருஷம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் போய்ச் சேர டிக்கெட் வாங்கியாகிவிட்டது. "கார் ஒண்ணு இருக்கு, வந்து பாரு" என்று சொல்லியனுப்பியிருந்தார். இன்னொரு அம்பாசடர் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஷெட்டைத் திறந்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். கரும்பச்சை. இங்கிலாந்தில் செய்த நாலு கதவு கார், ஆனால் குடும்பக் கார் மாதிரி நிற்கவில்லை. ஓட்டப்பந்தயக்காரன் கோட்டில் குனிந்து நிற்பானே, அப்படி நின்றது. சக்கரங்களில் சைக்கிள் மாதிரிக் கம்பிகள். உள்ளே சிவப்புத் தோல் சீட். டாஷ்போர்டு முழுக்க இழைத்த மரம், அதில் வரிசையாக வட்ட மீட்டர்கள். ஆறு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். பதினைந்து வயதுக் கார் என்று நம்பவே முடியவில்லை. சாவியைத் திருப்பினேன். அந்த உறுமல் என் முழங்கால் வரை இறங்கியது.

மேடத்துக்கு அவசரம். புதுப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். பாகம் பாகமாக அறுத்து விற்கிற ஆள். சனிக்கிழமை லாரியோடு வருவதாகச் சொல்லியிருந்தாராம். "அதுக்குள்ள ஓட்டறதுக்கு ஒரு ஆளைக் கொண்டு வா" என்றார். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது:

"ரேட் எல்லாம் அப்புறம் மேன். வர்றவன் கதவை எப்படிச் சாத்தறான்னு நான் பாக்கணும். அடிச்சுச் சாத்தறவனுக்கு என் காரு கிடையாது."

அண்ணாச்சியும் மாடும்

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி. என்னிடம் இரண்டு அம்பாசடர் வாங்கியவர். "பக்கத்துக் கடைக்காரன் வாயப் பொளக்குத மாதிரி ஒரு காரு பாரு தம்பி" என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காரைக் கடை வாசலுக்கே ஓட்டிப்போனேன். மேடமும் கதவு பார்ப்பதற்காகப் பின் சீட்டில் வந்து, கடைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அண்ணாச்சி குடும்பத்தையே வரவழைத்துவிட்டார். அண்ணாச்சி, அவர் மனைவி, ஏழு குழந்தைகள். ஏறிப் பார்த்தார்கள். மூன்று பேர் வெளியே மிஞ்சினார்கள். டிக்கியைத் திறந்து, "எத்தன மூட்டை ஏறும்?" என்று கேட்டார். ஒன்று ஏறும், அதுவும் சின்னதாக இருந்தால் என்றேன்.

சரி, ஓட்டமாவது பார்ப்போம் என்று எல்லோரையும் இறக்கிவிட்டு அவரை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினேன். பனகல் பார்க் திருப்பம் வரை சொர்க்கம். திரும்பியதும் ரோட்டு நடுவில் ஒரு மாடு. பிரேக்கை மிதித்தேன். கடை வரை ஒழுங்காகப் பிடித்த பெடல் இப்போது கல் மாதிரி இருந்தது. இரண்டு காலாலும் மிதித்து, கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஒரு வழியாக நிறுத்தினேன். மாட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண். மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணாச்சி மெதுவாக இறங்கினார், கதவை மிகவும் மெதுவாகச் சாத்தினார், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"காரு அம்சமாத்தான் இருக்கு தம்பி. ஆனா நான் இத வாங்குத மாதிரி தெரியல, இதுதான் என்னைய வாங்கிரும் போல!"

ட்ரம் இல்லாத பிரேக்

பட்டினப்பாக்கத்தில் ஏகாம்பரம் என்ற மெக்கானிக். நான் விற்ற கார்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். மறுநாள் காலை மேடத்திடம் சொல்லிவிட்டு, முதல் கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து அங்கே கிளம்பினேன். லஸ் பஸ் ஸ்டாப்பில் கூட்டம் குறுக்கே நின்றதால் காரும் நின்றது. வரிசையில் நின்ற ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், நூல் புடவை, மூக்குக்கண்ணாடி, தோளில் தோல் பை, வந்த பஸ்ஸை விட்டுவிட்டு என் ஜன்னலருகே வந்தார்.

"ஆறு சிலிண்டர்தானே? சத்தத்துலயே தெரியறது. விக்கறதுக்கா?" என்றார். பெயர் அலமேலு. பெண்கள் கல்லூரி ஒன்றில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறார். பிரேக் கோளாறை மறைத்திருக்கலாம். மறைத்து விற்கிற தரகர்களும் உண்டு. ஆனால் அந்த மாட்டின் முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. "பிரேக் பிடிக்கலை மேடம், ஏகாம்பரத்துகிட்ட போறேன்" என்று உள்ளதைச் சொன்னேன். முகம் சுளிப்பார் என்று பார்த்தால், ஷெட் எங்கே இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஏகாம்பரம் சக்கரத்தைக் கழற்றியதும் கத்தினார். "நைனா! இதுல ட்ரம்மே இல்ல. தட்டு கீது! தட்ட ரெண்டு பக்கமும் கவ்வுது. இன்னா மூளைப்பா வெள்ளக்காரனுக்கு!" நம் அம்பாசடரில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது உருளை மாதிரி ஒரு ட்ரம். ஆனால் சந்தோஷம் அவ்வளவுதான். பிரேக்குக்குப் பலம் கொடுக்கிற டப்பா ஒன்று பானெட்டுக்குள் இருந்தது. அதுதான் செத்துப்போச்சு என்றார். மெட்ராஸில் கிடைக்காது, பம்பாயிலும் கிடைக்காது. சனிக்கிழமைக்கு நாலு நாள்தான் பாக்கி. வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இத வாங்கறவன் பிரேக்க மிதிக்கக் கூடாது நைனா, ரெண்டு கையும் எடுத்து சாமியக் கும்பிடணும். அப்பால நின்னாலும் நிக்கும்."

லேபரட்டரிக் குழாய்

அன்று மாலையே கல்லூரி விட்டதும் அலமேலு அம்மாள் ஷெட்டுக்கு வந்துவிட்டார். எஞ்சினை ஓடவிடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஏகாம்பரம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நடுவுல உஸ்ஸுனு ஒரு சத்தம் வரதே, கேக்கறதா?" என்றார் அம்மாள். "அது காலைலேர்ந்தே உஸ்ஸுனுதாம்மா கீது" என்றார் ஏகாம்பரம்.

அம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தார். எஞ்சினிலிருந்து அந்த டப்பாவுக்குப் போகிற ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் அழுத்தினார். உஸ் நின்றது. எஞ்சின் சத்தமும் சட்டென்று சீரானது. அடிப்பக்கத்தில் நீளமாக ஒரு விரிசல்! "டப்பா சரியாத்தான் இருக்கு. எஞ்சின் காத்தை உறிஞ்சினாத்தான் இது வேலை செய்யும். ஓட்டை வழியா வெளிக்காத்து புகுந்துண்டா அது என்ன பண்ணும், பாவம்?" என்றார். வேலை முடிந்தது என்று துள்ளிக் குதித்தேன். ஆனால் ஏகாம்பரம், "சாதா ட்யூப் போட்டா உறிஞ்சற உறிஞ்சுல சப்பிக்கும்மா" என்றார். அதுவும் உண்மைதான்.

"வாக்யூம் பம்புக்குன்னு தடிச்ச குழாய் இருக்கே. எங்க லேபுக்கு வாங்கறதுதான்" என்றார் அம்மாள். மறுநாள் மதியம், விஞ்ஞானக் கருவிகள் விற்கிற கடையிலிருந்து சொந்தமாக ஒரு முழம் வாங்கி வந்தார். சிவப்பு ரப்பர், கட்டைவிரல் தடிமன். ஏகாம்பரம் அளந்து வெட்டி மாட்டி, கிளிப் போட்டு முறுக்கினார். நான் ஷெட் வாசலில் காரைக் கொஞ்சம் ஓட்டிப் பெடலைத் தொட்டேன். தொட்டதுதான், கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கைதட்டினோம். ஏகாம்பரம் கிரீஸ் கையாலேயே அம்மாளுக்கு ஒரு சல்யூட் வைத்தார்:

"இன்னா மேடம் நீ, இம்மாம் படிச்சிட்டு காலேஜ்ல குந்தினு கீற! நம்ம ஷெட்டுக்கு வந்துடு."

அண்ணாவின் ஆட்சேபணை

கோபாலபுரத்தில் டோரதி மேடம் வராந்தாவில் நின்று பார்த்தார். அலமேலு அம்மாள் காரைச் சுற்றி வந்து, உள்ளே உட்கார்ந்து, இறங்கி, கதவின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். 'டப்' என்று பெட்டி மூடுகிற சத்தம். மேடம் உள்ளே போய்க் காரின் காகிதங்களைக் கொண்டுவந்தார், ரேட்டும் அங்கேயே பேசி முடிந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் மயிலாப்பூரில் அம்மாளுக்கு ஓர் அண்ணா இருந்தார். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரே வீடு. "தனியா காலேஜ் போயிட்டு வர பொம்மனாட்டிக்கு ரேஸ் கார் எதுக்கு? பெட்ரோல் விக்கற விலைல!" என்று என்னை வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டார். அம்மாள் உள்ளிருந்து, "நாளைக்குக் கார்த்தால வந்து ஒக்காந்து பாருங்கோ அண்ணா. பிடிக்கலைன்னா எனக்கும் வேண்டாம்" என்றார். அது வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். அப்பாவின் பழைய காரில் ஓட்டப் பழகிய அம்மாள் கையில் ஸ்டியரிங், பக்கத்தில் அண்ணா, பின்னால் நான். கடற்கரைச் சாலை ஆளில்லாமல் நேராகக் கிடந்தது. அம்மாள் மிதித்தார். நாற்பது மைல், ஐம்பது, அறுபது. தென்னை மரமெல்லாம் பின்னால் ஓடியது. அண்ணா வாய்க்குள் ஏதோ ஸ்லோகம் சொல்ல ஆரம்பித்தார். எழுபது! எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. கோடி வரை போய்த் திரும்பி வரும்போது, மீனவர் குப்பத்துக்குப் பக்கத்தில் மீன் கூடையோடு ஓர் அம்மா சட்டென்று ரோட்டில் இறங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கார் நேராக, கோணாமல், பத்தடி முன்னாலேயே நின்றிருந்தது. அந்த அம்மா கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "இன்னாம்மா, ஏரோப்ளேனா ஓட்டினு வர?" என்று கேட்டுவிட்டுக் கடந்துபோனாள். அலமேலு அம்மாள் ஸ்டியரிங்கை விடவில்லை. அண்ணா ஸ்லோகத்தை நிறுத்தியிருந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டார். அம்மாளின் முகத்தைப் பார்க்காமல், முன்னால் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"அலமு, வண்டியத் திருப்பு. இன்னொரு தரம் போலாம்."

சென்ட்ரலுக்கு ஒரு பயணம்

சனிக்கிழமை புதுப்பேட்டைக்காரர் லாரியோடு வந்து, காலி ஷெட்டைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் டோரதி மேடம் பம்பாய் ரயிலைப் பிடிக்க வேண்டும், அங்கிருந்து விமானம். சென்ட்ரலில் தானே கொண்டுபோய் விடுவதாக அலமேலு அம்மாள் சொல்லிவிட்டார். வழியனுப்ப நானும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கோபாலபுரத்துக்குப் போயிருந்தேன். முன் சீட்டில் அண்ணா, தானாகவே வந்து ஏறி, ஜன்னலில் முழங்கை வைத்து, எழுபது மைலில் போன கதையை மேடத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பின் சீட்டில் பாதி மேடம், பாதி பெட்டிகள்.

மேடம் கதவோரத்து மரப் பட்டையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். கணவர் இருந்தவரை முப்பது மைலைத் தாண்டியதே இல்லையாம். மனைவி பக்கத்தில் இருந்தால் அவருக்கு அவ்வளவு பயமாம். கதவைத் திறந்து, நான் எங்கே உட்காருவது என்று கேட்டேன். மேடம் சிரித்துக்கொண்டே கதவை இழுத்துச் சாத்தினார்:

"ஸாரி மேன், நீ பஸ்ல வா. டீச்சர், நீங்க எழுபதுல போங்க!"

இத்தனை வருஷத் தரகில் நான் கண்டது இவ்வளவுதான்: நல்ல காருக்கு ஏற்ற ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்துவிட்டால் அதில் தரகனுக்கு உட்கார ஓர் இடம் கிடைப்பது அதைவிடக் கஷ்டம்.