தண்ணீரில் கரைக்காத சீனி

கீரிக் கடற்கரையில் மத்தியானம் கருவாடு வாங்கப் போனபோது அவரைக் கண்டேன். மீன் காயவைக்கும் வேலைக்கு வருகிறவர், ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, சேலைக்கு மேல் கணவரின் பழைய சேர்ட். எங்கேயிருந்து வருகிறேன் என்று கேட்டார். விடிய வவுனியாவில் பஸ் ஏறினேன் என்றேன், துப்பட்டாவால் வியர்வையைத் துடைத்தபடி. கதைத்தபடியே மீனைப் புரட்டியவர் நடுவில் நிமிர்ந்து, ஒரு சின்னப் போத்தலிலிருந்து வெள்ளைத் தூளை உள்ளங்கையில் கொட்டி நக்கினார்.

“என்னக்கா அது?”

“ஒரு வகைச் சீனி, பிள்ளை. மூத்திரக் கடுப்புக்கு. ஆஸ்பத்திரிக் குளிசை போட்டா மாறும், பிறகும் வரும். அதான் தங்கச்சி கனடாவில இருந்து அனுப்பினவ.”

போத்தலை வாங்கிப் படித்தேன். ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், நாள் முழுக்க நிறையத் தண்ணீரும் குடிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். “ஓம், தங்கச்சியும் சொன்னவ. தண்ணி குடிச்சா எங்க போறது? சுத்திப் பாருங்கோ.”

பார்த்தேன். வள்ளங்கள், கிழிந்த வலை பொத்தும் ஆண்கள், வெறும் மணல். ஒதுங்க ஒரு பற்றைகூட இல்லை, கக்கூசும் இல்லை. விடிய வந்தால் பின்னேரம் வீட்டுக்குப் போகும்வரை அங்கே வேலை செய்யும் பெண்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லையாம்.

“இதில கொஞ்சமாவது குடியுங்கோ” என்று பஸ் ஏறும்போது வாங்கிப் பையில் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.

வாங்கியவர் அதன் மூடியைத் தடவிப் பார்த்தார்.

“விடிய பஸ் ஏறின பிள்ளை,” என்றார், “நீங்களும் இன்னும் மூடி உடைக்கேல்லையே.”