பேர் போடாத பிள்ளை

பதுளைக்கு மேலே, ஊனமுற்ற பிள்ளைகளுக்காகக் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய இல்லத்தில் இருபத்திரண்டு வருஷம் துணி துவைத்தவளுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று ஏட்டில் இருந்தது. மற்றது வெகுகாலம் அங்கே அவளுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். வெளிப்பார்வைக்குக் குறையொன்றும் இல்லை. வாய்க்குள் மேலண்ணம் பிளந்திருந்ததால் சொல்லெல்லாம் மூக்கு வழியாகக் காற்றாய்ப் போய்விடும். இராக்கம்மா என்று தன் பெயரைச் சொன்னால் ‘அம்மா’ மட்டும் மிஞ்சும். 1904 ஆடியில், தாய் பெரியாயி காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது, ஏழு வயதுப் பிள்ளையை தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பக்கத்து வீட்டுப் பொன்னையா மாட்டுவண்டியில் கொண்டுவந்தான்.

வாசலில் ஏட்டோடு இருந்தவர் யாழ்ப்பாணத்துச் சிஸ்டர் செசிலியா. ஞானஸ்நானம் ஆனதா என்று அறிவதற்காக, “பிள்ளைக்குப் பேர் இருக்கோ?” என்று கேட்டார்.

பொன்னையா திடுக்கிட்டான். தோட்டத்தில் பேர் என்றால் காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைக் கூப்பிட்டு எழுதும் வேலைப் பேர். இருக்கிறது என்றால், வேலை செய்யக்கூடிய பிள்ளை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“இல்லீங்க மாதா, இதுக்குப் பேரில்ல. பேர் போடுற புள்ளயா இருந்தா இம்புட்டுத் தூரம் ஏன் கொண்டாறோம்?”

ஊனப் பிள்ளைக்குப் பெயர்கூட வைக்காத சனங்கள் என்று சிஸ்டர் மனம் கசந்தார். அன்று மார்த்தா திருநாள். மார்த்தா என்றே எழுதினார். பிள்ளை அவருடைய அங்கியைப் பிடித்து இழுத்துத் தன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். தாயைத் தேடி அழுகிறாள் என்று அவர் தலையைத் தடவினார்.

மந்தம் என்று பள்ளி வகுப்பில் சேர்க்கவில்லை. துணி துவைக்கும் கொட்டகையில் விட்டார்கள். அங்கே பேச்சுக்கு ஆளில்லை. ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் சிவப்பு நூலில் பெயர் தைத்திருக்கும். அந்தந்தப் படுக்கையில் பிரித்து வைப்பது அவள் வேலை. யாருடைய சட்டை என்று தெரியும், பெயரும் கேட்டுக் கேட்டுத் தெரியும். மெல்ல மெல்ல எழுத்தும் பிடிபட்டது. இன்னாசியின் சட்டையில் ‘இ’ கிடைத்தது, ராயப்பனிடம் ‘ரா’, பாக்கியத்திடம் ‘க்’. ‘ம்மா’வுக்கு அன்னம்மா இருந்தாள். ஒற்றைக் ‘க’வுக்காக இரண்டு வருஷம் காத்திருந்தாள்; கபிரியேல் என்று கண் தெரியாத பையன் ஒருவன் வந்து சேர்ந்தான்.

பதினாறாம் வயதில், தன் ரவிக்கையிலிருந்த ‘மார்த்தா’வைப் பிரித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் கோணல்மாணலாக ‘இராக்கம்மா’ என்று தைத்துக்கொண்டாள்.

சிஸ்டர் செசிலியா அதைக் கண்டு, வேறு யாருடையதையோ எடுத்துப் போட்டிருக்கிறாள் என்று கோபித்தார்.

“இது ஆற்றை சட்டை? இந்தப் பேரிலை இங்கை ஒரு பிள்ளையும் இல்லையே.”

சொன்ன வாயோடு நின்றுவிட்டார். இதே வார்த்தையை எப்போதோ கைப்பட எழுதிய ஞாபகம். அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

பழைய கடிதக்கட்டில் அது இருந்தது. பிள்ளை வந்த மூன்றாம் மாதம், காய்ச்சல் தெளிந்த பெரியாயிக்காகத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒரு வரி எழுதியிருந்தார்: இராக்கம்மா சுகமா? அந்தப் பெயரில் இங்கே பிள்ளை இல்லை என்று சிஸ்டர் ஏட்டைப் பார்த்து, உண்மையென்றே நம்பிப் பதில் போட்டிருந்தார்.

அன்றே கொஸ்லந்தைக்குக் கடிதம் போயிற்று. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். ஐந்தாம் வாரம் பதில் வந்தது. சிஸ்டர் அவளை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். முன்பு சிஸ்டர் போட்ட பதிலில் ‘பிள்ளை இல்லை’ என்பது மட்டுமே பெரியாயியின் காதில் விழுந்ததாம். பிள்ளை செத்துப்போனதென்று லயத்து வாசலில் விழுந்து அழுது, மூன்றாம் நாள் பால் ஊற்றி, எல்லாம் செய்து முடித்தாளாம். அடுத்த வருஷம் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டாளாம்; எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

சிஸ்டர் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு ஏட்டை விரித்து ‘மார்த்தா’வை அடித்து, மேலே இராக்கம்மா என்றும் தாய் பெரியாயி என்றும் எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்து, “தாயின்ரை ஊர்?” என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

தெரியாது என்று அவள் தலையசைத்தாள். கட்டம் வெறுமையாக நின்றது. நமுனுகுலை மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்ததால், கொடியில் கிடந்த துணிகளை எடுக்க எழுந்து போனாள்.